காற்றைப் பங்கிடும் பந்தயம்

தொலைக்காட்சியில் சாலை சைக்கிள் பந்தயத்தை முதல் முறையாகப் பார்ப்பவர் பத்து நிமிடத்தில் கேட்டுவிடுவார்: "இதில் பார்க்க என்ன இருக்கிறது?" கேள்வி நியாயமானதுதான். ஏறத்தாழ 180 பேர் நெருக்கியடித்துக்கொண்டு நான்கைந்து மணி நேரம் ஒரே போக்கில் மிதிக்கிறார்கள். கோல் விழுவதில்லை, விக்கெட் சாய்வதில்லை. யாரும் யாரையும் முந்த அவசரப்படுவதாகக்கூடத் தெரிவதில்லை. கடைசிச் சில நூறு மீட்டரில்தான் ஒரு பாய்ச்சல், அதோடு அன்றைய ஆட்டம் முடிந்துவிடுகிறது.

ஆனால் அந்த நான்கு மணி நேரமும் ஓயாத போராட்டம் ஒன்று நடந்துகொண்டுதான் இருக்கிறது. போராடுபவர்கள் கண்ணுக்குத் தெரிகிறார்கள். அவர்கள் எதை எதிர்த்துப் போராடுகிறார்களோ அது தெரிவதில்லை, ஏனென்றால் அது காற்று. யார் முன்னால் போவது, யார் பின்னால் ஒதுங்குவது, எப்போது இடம் மாறுவது என்று பந்தயத்தில் எடுக்கப்படும் முடிவுகளில் பெரும்பாலானவற்றைக் காற்றுத் தடையே எடுக்க வைக்கிறது. இது புரிந்த நாளிலிருந்து இந்த விளையாட்டு எனக்குத் தீராத விருப்பமாகிவிட்டது.

நாளுக்கொரு பந்தயமாக ஓட்டி, எல்லா நாள் நேரத்தையும் கூட்டி வெற்றியாளரை முடிவு செய்யும் டூர் டி பிரான்ஸ் ஜூலையில் நடக்கும் மூன்று வாரமும் நமக்கு வசதியான நேரம். பிரான்ஸின் கோடைக்கால நேரத்துக்கும் நம் நேரத்துக்கும் மூன்றரை மணி இடைவெளி. அங்கே மாலை ஐந்து, ஐந்தரைக்கு முடியும் பந்தயம் இங்கே இரவு எட்டரை, ஒன்பதுக்கு முடிகிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பொது ஷிப்ட் முடித்து ஆரம்பாக்கம் திரும்பியவர்கூடக் குளித்துச் சாப்பிட்டுவிட்டுக் கடைசி ஐம்பது கிலோமீட்டரை நிதானமாகப் பார்க்கலாம். பிரான்ஸின் மலைகளையும் கோட்டைகளையும் காட்டும் அந்தத் திரையில் ஓடும் இயற்பியல் ஆரம்பாக்கத்துக்கு அந்நியமானதல்ல. தமிழ்நாட்டின் வடகிழக்கு ஓரத்தில் இருக்கும் நம் ஊர்ச் சாலையில் தினமும் பிற்பகலில் அதே இயற்பியல்தான் ஓடுகிறது.

வேகத்துக்குக் கொடுக்கும் விலை

சமதளச் சாலையில் சைக்கிளைத் தடுப்பவை முக்கியமாக இரண்டு. ஒன்று, டயர் சாலையில் உருளும்போது உண்டாகும் தடை. மற்றது காற்று. மெதுவாகப் போகும்போது டயரின் தடை தெரியும். வேகம் கூடக் கூடக் காற்று அதை வெகுதூரம் பின்னுக்குத் தள்ளிவிடும்.

வேகம் இரு மடங்கானால் காற்றின் தடை விசை நான்கு மடங்காகும். அந்த விசையை எதிர்த்து ஒவ்வொரு நொடியும் இரு மடங்கு தூரம் போக வேண்டும். ஆகவே கால்கள் தர வேண்டிய திறன் எட்டு மடங்காகிறது. இதை எண்ணில் பார்ப்போம். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் சாதாரண சைக்கிளில், கோடை வெப்பத்தில், மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் காற்றைக் கடக்க ஏறத்தாழ 25 வாட் போதும். அதே ஆள் அதே சைக்கிளில் 30 கி.மீ. வேகம் போனால் காற்றுக்கு மட்டும் 200 வாட் வேண்டும். நல்ல உடல்நலம் உள்ள, பயிற்சி பெறாத ஒருவர் ஒரு மணி நேரம் தொடர்ந்து தரக்கூடியது 150 வாட் அளவில்தான். உலகின் முன்னணி வீரர்கள் அதே ஒரு மணி நேரத்துக்கு 400 வாட் வரை தருகிறார்கள்.

முன்பக்கம் மோதும் காற்று உடலைப் பின்னோக்கித் தள்ளும். அதைவிட முக்கியமானது முதுகுக்குப் பின்னால் நடப்பது. உடலைச் சுற்றிக்கொண்டு வரும் காற்று பின்பக்கம் ஒழுங்காகச் சேராமல் சுழல்களாக உடைகிறது. அங்கே அழுத்தம் குறைகிறது. முன்னால் அழுத்தம் கூடுதல், பின்னால் குறைவு. இந்த வேறுபாடுதான் வீரரைப் பின்னுக்கு இழுக்கிறது. மொத்தக் காற்றுத் தடையில் சைக்கிளின் பங்கு கால்வாசி அளவுதான், மீதி மனித உடலுடையது. வீரர்கள் முதுகை மடித்து, முழங்கைகளை ஒடுக்கி, தலையைத் தோளுக்குள் இறக்கி ஓட்டுவதற்குக் காரணம் இதுவே.

முதல் டூர் டி பிரான்ஸ் 1903-இல் நடந்தது. மோரிஸ் காரென் வென்றார், சராசரி வேகம் மணிக்கு 26 கி.மீ.க்குச் சற்றே குறைவு. 2022-இல் யோனாஸ் விங்கெகோர் வென்றபோது அது 42 கி.மீ.யைத் தாண்டியிருந்தது. நல்ல சாலையும் லேசான சைக்கிளும் உதவியது உண்மை. காற்றோடு சேர்ந்து பந்தயம் ஓட்டக் கற்றுக்கொண்டதும் அதில் பெரும் பங்கு.

முதுகுக்குப் பின்னால் ஒரு நிழல்

ஒரு வீரரின் முதுகுக்குப் பின்னால் உள்ள குறைந்த அழுத்தம் அவருக்கு நட்டம், அவரை ஒட்டி வருபவருக்கு லாபம். பின்னால் வருபவர் மீது மோதும் காற்று ஏற்கனவே வேகம் இழந்தது. இதை டிராஃப்டிங் என்கிறார்கள். ஒரே ஒருவருக்குப் பின்னால் நெருக்கமாக ஓட்டினாலே காற்றுத் தடையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். பெருங்கூட்டமாக ஓட்டினால் லாபம் இன்னும் பெரிது. அந்தக் கூட்டத்துக்குப் பெலோட்டான் என்று பெயர்.

அந்த லாபம் எவ்வளவு பெரிது என்பது 2018-இல் வெளியான ஓர் ஆய்வில் தெரிந்தது. நெதர்லாந்தில் பணியாற்றிய பெல்ஜிய ஆய்வாளர் பெர்ட் பிளாக்கனும் அவருடைய குழுவினரும் 121 வீரர்கள் கொண்ட பெலோட்டானை மீக்கணினியில் உருவகப்படுத்தினார்கள். சிறிய மாதிரிப் பொம்மைகளைக் காற்றுச் சுரங்கத்தில் நிறுத்தியும் அளந்தார்கள். இரண்டு வழியிலும் ஒரே விடை கிடைத்தது. கூட்டத்தின் நடுப்பின்பகுதியில் இருப்பவர் மீதான தடை, தனியாக ஓட்டுபவர் மீதான தடையில் 5 முதல் 10 விழுக்காடுதான். பெலோட்டான் 54 கி.மீ. வேகத்தில் பறக்கும்போது நடுவில் இருப்பவருக்குக் காற்று 12 முதல் 15 கி.மீ. வேகத்தில் தனியாகப் போகும்போது இருக்கும் அளவுக்கே உறைக்கும். உண்மைப் பந்தயத்தில் வீரர்களுக்கிடையே இடைவெளி கூடும், வளைவுகள் வரும், லாபம் கொஞ்சம் குறையும். அப்படியும் அது பிரமாண்டமானதுதான்.

அதே குழுவின் வேறு கணக்கீடுகள் இன்னொன்றையும் காட்டின: பின்னால் ஒருவர் ஒட்டி வந்தால் முன்னால் இருப்பவருக்கும் சிறு லாபம் உண்டு. அவருடைய முதுகுக்குப் பின்னாலுள்ள குறைந்த அழுத்தப் பகுதியைப் பின்னால் வருபவர் ஓரளவு நிரப்பிவிடுகிறார். தடை இரண்டு மூன்று விழுக்காடு குறைகிறது.

வீரர்கள் அணிகளாக ஓட்டுவது இந்த லாபத்துக்காகத்தான். ஓர் அணியில் எட்டுப் பேர். அவர்களில் ஒருவர்தான் தலைவர். மற்ற ஏழு பேர் மணிக்கணக்கில் அவருக்கு முன்னால் போய்க் காற்றை வாங்கிக்கொள்கிறார்கள். தண்ணீர் பாட்டில் கொண்டுவந்து கொடுப்பதும், பஞ்சர் ஆனால் தங்கள் சக்கரத்தைக் கழற்றிக் கொடுப்பதும் அவர்களே. மேடையில் நிற்பவர் ஒருவர்தான். அவருடைய கால்களில் மிச்சமிருக்கும் வலு மற்ற ஏழு பேர் சேமித்துக் கொடுத்தது. இந்த உழைப்பாளிகளைப் பார்க்கவே பந்தயத்தைத் தொடக்கத்திலிருந்து பார்க்க வேண்டும் என்பேன்.

தப்பியவர்களும் துரத்துபவர்களும்

அநேகமாக ஒவ்வொரு நாளும் தொடக்கத்தில் நாலைந்து பேர் கூட்டத்தை விட்டுப் பாய்ந்து முன்னே போய்விடுவார்கள். பெலோட்டான் அவர்களைப் போகவிடும். நான்கு நிமிடம், ஐந்து நிமிடம் என்று இடைவெளி வளரும். புதிதாகப் பார்ப்பவர் அந்த நாலு பேரில் ஒருவர்தான் வெல்லப்போகிறார் என்று முடிவு கட்டிவிடுவார். பிறகு பெரும்பாலும் கடைசி ஐந்து கிலோமீட்டருக்குள் அவர்கள் பிடிபடுவார்கள்.

முன்னே போன நாலு பேர் மாறி மாறிக் காற்றை வாங்குகிறார்கள். ஒவ்வொருவரும் நாலில் ஒரு பங்கு நேரம் முன்னால் நிற்க வேண்டும். பின்னால் துரத்தும் கூட்டத்தில் நான்கு அணிகள் ஆளுக்கு இருவரைக் கொடுத்தாலே எட்டுப் பேர் வேலையைப் பங்கிட்டுக்கொள்வார்கள். மற்ற 160 பேர் அவர்களுக்குப் பின்னால் ஒதுங்கி ஓய்வெடுத்தபடியே வருவார்கள். நேரம் ஆக ஆக முன்னவர்கள் களைக்கிறார்கள், பின்னவர்களிடம் புதிய கால்கள் இருக்கின்றன.

பிரெஞ்சு விளையாட்டு வர்ணனையாளர் ரொபேர் ஷபாத் இதற்கு ஒரு எளிய விதி சொன்னார்: பெலோட்டான் மனம் வைத்தால் பத்துக் கிலோமீட்டருக்கு ஒரு நிமிட இடைவெளியை மீட்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். முன்னவர்கள் 43 கி.மீ. வேகத்தில் போகிறார்கள், துரத்துபவர்கள் 46 கி.மீ. வேகத்தில் வருகிறார்கள் என்றால், பத்துக் கிலோமீட்டரில் கிடைப்பது சுமார் 55 நொடி. வெறும் மூன்று கிலோமீட்டர் வேக வித்தியாசம் அதற்குப் போதும். திரையில் 30 கி.மீ. மிச்சம், இடைவெளி மூன்று நிமிடம் என்று காட்டும்போது எங்கள் வீட்டில் பேச்சு நின்றுவிடும். எந்தப் பக்கமும் சாயக்கூடிய தராசு முள் அது. மழையோ குறுகலான சாலையோ வந்துவிட்டால், அல்லது எந்த அணி துரத்துவது என்று பின்னால் இருப்பவர்களுக்குள் பிணக்கு வந்துவிட்டால், அந்த நாலு பேர் தப்பிவிடுவார்கள். அப்படித் தப்புகிற நாள்தான் ரசிகனுக்குத் திருநாள்.

கிழக்கிலிருந்து காற்று அடிக்கும் சாலை

இப்போது ஆரம்பாக்கத்துக்கு வருவோம். கும்மிடிப்பூண்டியிலிருந்து எளாவூர் வழியாக ஆரம்பாக்கம் வரை சுமார் 15 கி.மீ., சென்னை - கொல்கத்தா தேசிய நெடுஞ்சாலை பெரும்பாலும் தெற்கு வடக்காக ஓடுகிறது. மேடு பள்ளம் கிடையாது. கிழக்கே பழவேற்காடு ஏரி, அதற்கப்பால் ஸ்ரீஹரிகோட்டாத் தீவு, அதற்கும் அப்பால் வங்கக் கடல். பகல் வெயிலில் தரை வேகமாகச் சூடாகிறது. ஒரு கிலோ உலர்ந்த மணலை ஒரு டிகிரி சூடாக்க சுமார் 800 ஜூல் போதும், ஒரு கிலோ தண்ணீருக்கு 4,200 ஜூல் வேண்டும். போதாததற்குக் கடல் வாங்கும் வெப்பம் ஆழத்துக்குக் கலந்து பரவிவிடுகிறது. சூடான தரைமேல் காற்று மேலெழ, குளிர்ந்த கடல்மேலிருந்து காற்று உள்ளே பாய்கிறது. கோடையில் பிற்பகலில் நம்மை ஆசுவாசப்படுத்தும் கடற்காற்று இதுதான். வடக்கு நோக்கிச் சைக்கிளில் போகிறவருக்கு அது வலப் பக்கத்திலிருந்து அடிக்கும்.

மலை இல்லாத ஊரில் சைக்கிள் பந்தயம் சுவைக்காது என்று நினைப்பது தவறு. பக்கவாட்டுக் காற்று அடிக்கும் சமதளச் சாலை, மலைக்கு நிகராகப் பந்தயத்தை உடைக்கக்கூடியது.

வீரர் 40 கி.மீ. வேகத்தில் வடக்கே போகிறார், காற்று 20 கி.மீ. வேகத்தில் நேர் கிழக்கிலிருந்து வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் உணரும் காற்று இந்த இரண்டின் கூட்டு. அது நேர் முன்னாலிருந்து வராது, வலப்புறமாகச் சுமார் 27 பாகை சாய்ந்து வரும். வேகமும் 45 கி.மீ.யை நெருங்கும். அப்படியானால் அவருடைய காற்று நிழல் எங்கே விழும்? நேர் பின்னால் விழாது, பின்னால் இடப்புறமாகச் சாய்ந்து விழும். இரண்டாமவர் அந்த நிழலில் இருக்க வேண்டுமானால் முதல்வரின் இடத் தோளுக்குப் பக்கம் வர வேண்டும். மூன்றாமவர் இரண்டாமவரின் இடத் தோளுக்குப் பக்கம். இப்படிச் சாலையின் வல ஓரத்திலிருந்து இட ஓரம் வரை ஒரு சாய்ந்த வரிசை உருவாகிறது. எஷலான் என்பது இதன் பெயர். முன்னால் நின்று களைத்தவர் காற்று வரும் பக்கமாக ஒதுங்கிப் பின்னுக்கு வருவார். அவருடைய மறைவில் மற்றவர்கள் முன்னேறுவார்கள். மேலிருந்து ஹெலிகாப்டர் காட்டும்போது அது ஓயாமல் சுழலும் ஒரு சங்கிலியாகத் தெரியும்.

சாலைக்கு அகலம் உண்டு என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. பத்துப் பதினைந்து பேரோடு வரிசை இட ஓரத்தைத் தொட்டுவிடும். அதற்கு மேல் வருகிறவருக்கு ஒதுங்க இடமில்லை. அவர் ஓரக் கோட்டை ஒட்டி, முன்னால் போகிறவரின் நேர் பின்னால், காற்றை முழுசாக வாங்கிக்கொண்டு மிதிக்க வேண்டும். அவருக்குப் பின்னால் நூறு பேர் ஒற்றை வரிசையில் அதே கதியில். முதல் பந்தியில் இலை கிடைக்காதவர்கள் முண்டியடிப்பதை விட்டு இரண்டாம் பந்திக்கு உட்காருவதுபோல, விவரமானவர்கள் உடனே தங்களுக்குள் இரண்டாவது சாய்வரிசை ஒன்றை அமைத்துக்கொள்வார்கள். அமைக்கத் தவறியவர்களில் ஒருவர் கால் தளர்ந்து முன்னவரின் சக்கரத்தை விட்டுவிட்டால், இடைவெளி விழுந்துவிடும். ஐந்து மீட்டர் இடைவெளி ஐம்பது மீட்டராகும், பிறகு ஒரு நிமிடமாகும்.

2013 டூர் டி பிரான்ஸின் 13-ஆம் நாள். தூர் நகரிலிருந்து சென்ட் அமாண்ட் மொன்ரோன் வரை 173 கி.மீ., மலையே இல்லை. பக்கவாட்டுக் காற்று அடித்தது. பெல்ஜிய அணி ஒன்று வேகத்தைக் கூட்டிக் கூட்டத்தைக் கிழித்தது. அந்த நேரம் பார்த்துப் பஞ்சரான அலெஹாந்த்ரோ வல்வெர்தே ஏறத்தாழ பத்து நிமிடம் இழந்தார். கடைசி முப்பது கிலோமீட்டரில் அல்பெர்தோ கொந்தாதோரின் அணி மறுபடி உடைத்தது. பதினான்கு பேர் தப்பினார்கள். ஒட்டுமொத்தப் பந்தயத்தில் முதலிடத்தில் இருந்த கிறிஸ் ஃப்ரூம் அந்தப் பதினான்கில் இல்லை. 1 நிமிடம் 9 நொடி இழந்தார். 2020-இல் லவோர் நகருக்குச் சென்ற 7-ஆம் நாளிலும் இதே கதை. 21 வயது ததே பொகாச்சார் பக்கவாட்டுக் காற்றில் சிக்கி 1 நிமிடம் 21 நொடி இழந்தார். இரண்டு வாரம் கழித்து அவர் அந்த டூரையே 59 நொடி வித்தியாசத்தில் வென்றார் என்பது வேறு கதை.

2016 அக்டோபரில் உலகச் சாலை சைக்கிள் போட்டி கத்தார் தலைநகர் தோஹாவில் நடந்தது. மேடே இல்லாத அந்த நாட்டில் பந்தயம் சலிப்பூட்டும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். பாலைவனத்தின் திறந்தவெளிச் சாலையில் பக்கவாட்டுக் காற்று வந்ததும் பெல்ஜிய வீரர்கள் முன்னால் சாய்வரிசை கட்டினார்கள். 250 கி.மீ.க்கு மேற்பட்ட பந்தயத்தில் பாதி தூரம்கூட முடியாத நிலையிலேயே வெல்லக்கூடியவர்களின் பட்டியல் சிறு குழுவாகச் சுருங்கிவிட்டது. ஸ்லோவாக்கியாவின் பீட்டர் சாகன் வென்றார், மார்க் கேவென்டிஷ் இரண்டாவது, டாம் போனென் மூன்றாவது. சமதளம், திறந்தவெளி, கடலோரக் காற்று என்ற மூன்றும் நம் ஊருக்கும் உண்டு.

யார் பின்னாலும் ஒதுங்க முடியாத நாள்

அதே தோஹாவில், அதே வாரம், இந்தியாவின் நவீன் ஜானும் அர்விந்த் பன்வாரும் தனிநபர் நேரப் பந்தயத்தில் ஓட்டினார்கள். இது ஒவ்வொருவராகப் புறப்பட்டுத் தனியே ஓட்டும் பந்தயம். யாரும் யார் பின்னாலும் ஒதுங்கக் கூடாது. பெலோட்டானில் உருட்டி மிரட்டி இடம் பிடிக்கும் பழக்கம் சிறு வயதிலேயே பந்தயத்தில் வளர்ந்தவர்களுக்கு வரும். அந்த வாய்ப்பு இல்லாத நாட்டிலிருந்து போகும் வீரருக்கு, உடல் வலுவையும் காற்றுக்கணக்கையும் மட்டும் கேட்கும் நேரப் பந்தயம் திறந்திருக்கும் கதவு. பொறியியல் படித்த நவீன் ஜான் அந்தப் பிரிவில் தேசியப் பட்டம் வென்றவர்.

தனியே ஓட்டும்போது காற்றுத் தடையில் ஒவ்வொரு சிறு குறைப்பும் கணக்கில் வரும். 1989 ஜூலை 23. டூரின் கடைசி நாள், வெர்சாயிலிருந்து பாரிசுக்கு 24.5 கி.மீ. நேரப் பந்தயம். பிரான்ஸின் லோரான் ஃபிஞோன் 50 நொடி முன்னிலையில் இருந்தார். அமெரிக்காவின் கிரெக் லெமொண்ட் முழங்கைகளை ஊன்றிக் கைகளை முன்னே நீட்டி ஓட்ட உதவும் புதுவகை ஹேண்டில்பாரையும், பின்புறம் நீண்ட தலைக்கவசத்தையும் பயன்படுத்தினார். ஃபிஞோன் தலைக்கவசம் இல்லாமல், குதிரைவால் முடி பறக்க ஓட்டினார். லெமொண்ட் 58 நொடி மீட்டார். மூன்று வாரம், மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கிலோமீட்டர் ஓடிய பந்தயம் 8 நொடியில் முடிவானது. டூர் வரலாற்றில் இதுவே ஆகச் சிறிய வித்தியாசம்.

திறன் வேகத்தின் மூன்றாம் படியாக ஏறுவதால், காற்றுத் தடை 5 விழுக்காடு குறைந்தால் அதே உழைப்பில் வேகம் சுமார் 1.7 விழுக்காடு கூடும். 27 நிமிடம் நீடித்த அந்த ஓட்டத்தில் இது ஏறத்தாழ 27 நொடி. கைகளை ஒடுக்கி நீட்டியதில் மட்டும் கிடைக்கும் பலன் 8 நொடியைத் தாண்டியிருக்கும் என்பதை இந்தக் கணக்கே காட்டுகிறது. அன்றிலிருந்து அணிகள் காற்றுச் சுரங்கத்துக்குச் செலவழிப்பதை நிறுத்தவே இல்லை. 2022 அக்டோபர் 8 அன்று சுவிட்சர்லாந்தின் கிரென்ஹென் நகர உள்ளரங்கத் தடத்தில் இத்தாலியின் பிலிப்போ கன்னா ஒரு மணி நேரத்தில் தனியாக 56.792 கி.மீ. ஓட்டிச் சாதனை படைத்தார்.

மலையில் மட்டும் கணக்கு வேறு. எட்டு விழுக்காடு ஏற்றத்தில் 20 கி.மீ. வேகத்தில் ஏறும் வீரர் தரும் சுமார் 370 வாட்டில் புவியீர்ப்பு 325 வாட்டை எடுத்துக்கொள்கிறது. காற்றுக்குப் போவது 30 வாட்தான். பின்னால் ஒதுங்குவதில் அதிகப் பயனில்லாததால் தலைவர்கள் மறைவை விட்டு வெளியே வந்து நேருக்கு நேர் மோதுகிறார்கள். எடையே அங்கே எதிரி. சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது என்று உலக சைக்கிள் சங்கம் விதி வைத்திருப்பதற்கும் எடையைக் குறைக்கும் போட்டியே பின்னணி. 21 வளைவுகள் கொண்ட ஆல்ப் டுயேஸ் ஏற்றத்தை உலகமே கொண்டாடுகிறது. நம் கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன.

திரையை எப்படிப் படிப்பது

டூர் முடியும் காட்சியை 1948-இல் பாரிசின் பார்க் தெ பிரென்ஸ் அரங்கிலிருந்து முதன்முறையாக நேரலையில் காட்டினார்கள். இன்று மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கையில் உட்கார்ந்து படம் எடுப்பவரிடமிருந்து சமிக்ஞை மேலே பறக்கும் ஹெலிகாப்டருக்கோ விமானத்துக்கோ போய், அங்கிருந்து முடிவிடத்தில் நிற்கும் ஒளிபரப்பு வண்டிக்கு இறங்குகிறது. 2015 முதல் வீரர்களின் சீட்டுக்கு அடியில் ஜி.பி.எஸ். கருவி பொருத்துகிறார்கள். வேகமும் இடைவெளியும் திரையில் உடனுக்குடன் வருவது அதனால்தான்.

அந்த மோட்டார் சைக்கிளுக்கும் காற்று நிழல் உண்டு என்பதையும் கவனியுங்கள். படம் எடுப்பதற்காக வீரருக்கு முன்னால் நெருங்கி ஓடினால் அவருக்கு இலவச உதவி கிடைத்துவிடும். இதைப் பற்றி அணிகள் அடிக்கடி புகார் சொல்கின்றன. காற்றியல் ஆய்வுகள் அந்தப் புகாரில் நியாயம் இருப்பதை உறுதிப்படுத்தியுள்ளன.

மேலிருந்து காட்டும் படத்தில் பெலோட்டானின் உருவத்தைப் பாருங்கள். முன்பக்கம் சாலை முழுக்க அகன்று பருத்திருந்தால் யாரும் வேலை செய்யவில்லை, வேகம் குறைவு என்று பொருள். முனை கூராகி உடல் நீண்டால் யாரோ துரத்தத் தொடங்கிவிட்டார்கள். ஒற்றைக் கயிறாக இழுபட்டால் வேகம் உச்சத்தில் இருக்கிறது, கூட்டம் உடையப்போகிறது. வழியிலுள்ள கொடிகளும் மரங்களும் ஒரே பக்கம் சாய்ந்தால், அடுத்த வளைவு எந்தத் திசைக்குத் திருப்பும் என்று வரைபடத்தில் தேடுங்கள். அணி வாகனங்களில் இருப்பவர்களும் அதைத்தான் தேடிக்கொண்டிருப்பார்கள்.

நம் சாலையில்

சைக்கிள் நமக்குப் புதியதல்ல. அப்போதைய சென்னையின் புறநகராக இருந்த அம்பத்தூரில், 1949-இல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. சைக்கிள்களை நாடு முழுக்க அனுப்பியது. அரசு தரும் விலையில்லா மிதிவண்டியில் பிளஸ் ஒன் பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள். சிப்காட்டுக்கு வேலைக்குப் போகிறவர்களிலும் சைக்கிளை நம்பியிருப்பவர்கள் உண்டு. திரையில் நான் ரசிக்கும் காற்று இவர்கள் மீது வேறு முகம் காட்டுகிறது.

ஒரு கனரக லாரி சைக்கிளைக் கடக்கும்போது அதன் முகப்பில் உள்ள உயர் அழுத்தம் முதலில் சைக்கிளை வெளிப்பக்கம் தள்ளும். லாரியின் பக்கவாட்டும் பின்புறமும் வரும்போது குறைந்த அழுத்தம் உள்பக்கம் இழுக்கும். ஒரு நொடிக்குள் எதிரெதிர்த் திசையில் இரண்டு தள்ளல். கடற்காற்றை எதிர்த்து ஒருபக்கம் சாய்ந்து ஓட்டுபவருக்கு ஆபத்து இன்னும் கூடுதல், ஏனென்றால் லாரி அந்தக் காற்றைச் சட்டென்று மறைத்துச் சட்டென்று விடுகிறது. டூர் டி பிரான்ஸ் நடக்கும் அந்த நாட்டில், சைக்கிளைக் கடக்கும் வாகனம் ஊருக்குள் ஒரு மீட்டர், ஊருக்கு வெளியே ஒன்றரை மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது சட்டம். அந்த ஒன்றரை மீட்டருக்குப் பின்னால் உள்ள அறிவியலில் இந்தக் காற்றும் அடங்கும். நம் நெடுஞ்சாலையிலும் லாரி ஓட்டுபவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டும். சர்வீஸ் சாலைகளில் சைக்கிளுக்கென்று தடுப்போடு கூடிய பாதை வேண்டும். பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: லாரியின் பின்னால் ஒட்டிப் போனால் மிதிப்பது சுலபமாக இருக்கும் என்பது உண்மை, ஆனால் 40 கி.மீ. வேகத்தில் ஒரு நொடியில் 11 மீட்டர் கடந்துவிடுகிறோம். முன்னால் பிரேக் விளக்கு எரிந்ததை மூளை உணர்ந்து கை பிரேக்கைப் பிடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். பெலோட்டானில் இருப்பவர்களுக்கு முன்னால் நடப்பது தெரியும். லாரிக்குப் பின்னால் இருப்பவருக்கு எதுவும் தெரியாது.

ஒவ்வோர் ஆண்டும் அண்ணா பிறந்தநாளையொட்டித் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்டந்தோறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு மிதிவண்டிப் போட்டி நடத்துகிறது. 13, 15, 17 வயதுக்கு உட்பட்டோர் என்று மூன்று பிரிவு, ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாக. தூரம் 10 கி.மீ. முதல் 20 கி.மீ. வரை. கியர் இல்லாத, இந்தியாவில் செய்த சாதாரண சைக்கிள்தான் அனுமதி. விலையுயர்ந்த சைக்கிள் வைத்திருப்பவர் என்ற வேறுபாடு அங்கே எடுபடாது என்பது அந்தப் போட்டியின் பெரிய சிறப்பு. நிமிர்ந்து உட்கார வைக்கும் அந்த சைக்கிளில் காற்றுத் தடை பந்தயச் சைக்கிளைப்போல ஏறத்தாழ இரு மடங்கு. 25 கி.மீ. வேகத்தில் காற்றுக்கு மட்டும் 115 வாட் போகும். ஒருவர் பின் ஒருவராக ஒதுங்கி ஓட்டினால் பின்னால் இருப்பவருக்கு அதில் 35 வாட்டுக்கு மேல் மிச்சம். பதினைந்து வயதுக் கால்களுக்கு அது பெரிய தொகை.

ஆனால் போட்டிக்கு வரும் பிள்ளைகளில் பலர் விசில் ஊதியதும் முன்னால் பாய்கிறார்கள். முதல் ஐந்து கிலோமீட்டரைத் தனியாக எதிர்காற்றில் ஓட்டிக் களைத்துப்போகிறார்கள். வலு இருந்தும் கணக்கு தெரியாததால் தோற்கிறார்கள். உடற்கல்வி ஆசிரியர்கள் போக்குவரத்து இல்லாத ஒரு சாலையில் நாலு பிள்ளைகளை வைத்து இதைச் சொல்லிக் கொடுத்துவிடலாம். முன்னவரின் சக்கரத்துக்கு எவ்வளவு இடைவெளி விடுவது, பிரேக் பிடிக்கும் முன் எப்படிக் குரல் கொடுப்பது, காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறதோ அந்தப் பக்கம் எப்படி ஒதுங்கிப் பின்னுக்கு வருவது, அரை நிமிடத்துக்கு ஒருமுறை எப்படி முறை மாற்றுவது என்று நாலே பாடம். மாறி மாறி முன்னால் போகக் கற்ற நாலு பேர், அதே கால்களோடும் அதே சைக்கிள்களோடும், தனித்தனியாக ஓட்டியதைவிட வேகமாகப் போவார்கள். நிறுத்தற்கடிகாரத்தைக் கையில் வைத்து அளந்தால் வித்தியாசம் முதல் நாளிலேயே தெரியும். கார்பன் இழைச் சைக்கிளும் காற்றுச் சுரங்கமும் நம் பள்ளிகளுக்கு எப்போது வருமோ, அதற்காக இந்தப் பாடம் காத்திருக்க வேண்டியதில்லை. அதற்கு வேண்டிய காற்று பழவேற்காடு ஏரியைத் தாண்டித் தினமும் பிற்பகலில் வந்துகொண்டுதான் இருக்கிறது.